கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?



கல்வராயன் மலை மேல் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு கட்டி, பழைய கடன் வசூல் முடிந்து, புதுக் கடன் மனுக்களை ஊக்குநர் படித்துக்கொண்டிருந்தார். ஆடு வாங்க ஒரு மனு, மரவள்ளிக்கு உரம் போட ஒரு மனு. மூன்றாவது மனுவில் "மகளுக்கு ஆபரேஷன் செலவு, ரூ.30,000" என்று இருந்தது. என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "கர்ப்பப்பைய எடுத்துரலாம்னு இருக்கேன் மேடம்" என்றார்.

மகளுக்கு 19 வயது. அறிவு வளர்ச்சி குறைவு, பேச்சு நாலைந்து வார்த்தைதான் வரும். மாதவிலக்கு சமயத்தில் துணி வைத்தால் பிடுங்கிப் போட்டுவிடுகிறாள். அம்மாவும் அப்பாவும் வருசத்தில் நாலு மாதம் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறவர்கள். அப்போது பிள்ளை பாட்டியோடு இருக்கிறாள். "எவனாவது ஏதாவது பண்ணி வயித்துல வந்துட்டா நான் எங்க போவேன்?" என்று கேட்டார்.

குழுவில் யாருக்கும் இது தப்பாகப் படவில்லை. "அதுக்கு எதுக்குக் கர்ப்பப்பை? கல்யாணமா காட்சியா?" என்றார் ஒருவர். "அது பெத்தாலும் அதே மாதிரிதான பொறக்கும்" என்றார் இன்னொருவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்த அம்மா படும் பாட்டைப் பார்த்துச் சொன்னதுதான். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. மனுவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சோசியல் ஒர்க் படித்தபோது இதைப் பற்றி ஒரு பாடமே இருந்தது. பரீட்சைக்கு எழுதி மறந்துபோயிருந்தேன். திரும்பத் தேடிப் படித்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நல்ல விதை, கெட்ட விதை

யார் பிள்ளை பெறலாம், யார் பெறக் கூடாது என்கிற யோசனைக்கு ஒரு பெயர் உண்டு. யூஜெனிக்ஸ். தமிழில் இன மேம்பாடு என்பார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன் 1883-ல் வைத்த பெயர் அது. சாமை அறுத்ததும் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கிறோம், நல்ல கிடாவாகப் பார்த்து ஆட்டுக்கு விடுகிறோம் இல்லையா? மனிதர்களையும் அப்படிச் செய்தால் என்ன என்பதுதான் அவர் கேட்டது. "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று நாமும் சொல்கிறவர்கள்தான். அதனால் கேட்கும்போது சரி மாதிரியே தோன்றும்.

ஆனால் சாமையில் எது நல்ல விதை என்று விளைச்சல் சொல்லும். மனிதரில் யார் சொல்வது? சொன்னவர்கள் பணமும் படிப்பும் உள்ள வெள்ளைக்காரர்கள். தங்களையே நல்ல விதை என்று வைத்துக்கொண்டார்கள். ஏழை, கறுப்பர், வலிப்பு வந்தவர், மனநோயாளி, ஜெயிலுக்குப் போனவர், கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவள் எல்லாரும் கெட்ட விதைப் பட்டியலில் சேர்ந்தார்கள்.

அமெரிக்காவில் கேரி பக் என்று ஒரு பெண். அம்மாவிடமிருந்து பிரித்து இன்னொரு குடும்பத்தில் வளர்த்தார்கள். அந்தக் குடும்பத்தின் உறவுக்காரன் ஒருவன் அவளைக் கெடுத்தான் என்று பின்னாளில் அவளே சொன்னாள். வயிற்றில் வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? அவனை விட்டுவிட்டு, அவளை "புத்தி குறைந்தவள், ஒழுக்கம் கெட்டவள்" என்று எழுதி விடுதியில் அடைத்தார்கள். 1927-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே அவளுக்குக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்புக் கொடுத்தது. சில மாதக் கைக்குழந்தையான அவள் மகளையும் புத்தி சரியில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை பிறகு பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தது. எட்டு வயதில் நோயில் இறந்துபோனது. கேரியும் புத்தி குறைந்தவள் இல்லை. இந்த மாதிரிச் சட்டங்களால் அமெரிக்காவில் 60,000 பேருக்கு மேல் கருத்தடை செய்யப்பட்டது. ஜெர்மனியில் 1933-ல் ஹிட்லர் ஆட்சி அதே மாதிரிச் சட்டம் போட்டு, சுமார் 4 லட்சம் பேருக்குச் செய்தது. பிறகு ஊனமுற்றவர்களைக் கொல்லவும் ஆரம்பித்தது.

கேரி கதையில் ஒன்றைக் கவனியுங்கள். அவளிடம் அவர்கள் கண்ட குறை, தாலி இல்லாமல் பிள்ளை பெற்றது. எது சரியான பெண், எது சரியான உறவு, எது சரியான குடும்பம் என்று ஒரு அளவுகோல் செய்து, அதற்கு அறிவியல் என்று பெயர் வைத்தார்கள்.

சென்னைக்கு வந்தது

அந்தக் காற்று இங்கேயும் வீசியது. சென்னை மியூசியத்தில் 1885 முதல் 1908 வரை தலைமை அதிகாரியாக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் மாகாணத்து சாதிகளையும் மலைவாழ் மக்களையும் நிற்க வைத்துத் தலையும் மூக்கும் அளந்து எழுதினார். சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி மக்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மூக்கை அளந்தால் ஆள் உயர்வா தாழ்வா என்று தெரியுமாம்!

1920-களின் கடைசியில் சென்னையில் நியோ மால்தூசியன் லீக் என்ற சங்கம் வந்தது. நீதிபதி வேபா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். கருத்தடையைப் பரப்பினார்கள், அது நல்ல விசயம்தான். ஆனால் அவர்கள் பேச்சில் ஜனத்தொகை, இனத்தின் தரம் என்பது அதிகம், பெண்ணின் விருப்பம் குறைவு. அதே காலத்தில் பெரியார் 'குடிஅரசு' பத்திரிகையில் வேறு மாதிரி எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்கு, நாட்டின் வறுமைக்கு என்று காரணம் சொல்கிறார்கள், நாங்கள் பெண்ணின் விடுதலைக்காகக் கருத்தடை வேண்டும் என்கிறோம் என்பது அவர் வாதம். மாத்திரை ஒன்றுதான். அது வேண்டுமா வேண்டாமா என்று யார் முடிவு பண்ணுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

காங்கிரஸ் 1938-ல் நேரு தலைமையில் தேசியத் திட்டக் குழு அமைத்தது. அதன் மக்கள்தொகைத் துணைக்குழு, பைத்தியம், காக்காவலிப்பு மாதிரி வியாதி உள்ளவர்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்று பரிந்துரை செய்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில், ஏற்கனவே மூன்றோ அதற்கு மேலோ பெற்று, அதில் ஒரு பிள்ளையாவது உயிரோடு இருக்கும்போது பிறக்கும் அடுத்த பிள்ளைக்கு, பொறுப்பில்லாத தாய்மை என்று பொருள்படும் பெயரை வைத்தார் கணக்கெடுப்பு ஆணையர் ஆர்.ஏ. கோபாலசுவாமி. தந்தைமையைப் பற்றி அப்படி ஒரு பேரே இல்லை!

பிறகு வந்த சிவப்பு முக்கோணம் நம்மில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பொண்ணு, நாலு சிரிச்ச முகம். நெருக்கடி நிலை இருந்த 1976-77-ல் ஒரே வருசத்தில் நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் நடந்தது, அதில் பெரும்பாலும் ஆண்கள். கட்டாயப்படுத்தியதால் வந்த கோபத்தில் ஆட்சியே மாறியது. அப்புறம் ஆண்களைத் தொட அரசாங்கத்துக்குப் பயம். பாரம் நம் மேல் வந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு சுமார் 58 பேர் ஆபரேஷன் செய்தவர்கள். ஆண்களைப் பார்த்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

எனக்கும் இதில் பங்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிராம நர்சுக்கு உதவியாக வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியிருக்கிறேன். அந்த நோட்டுக்குப் பெயர் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. விதவை அதில் வரமாட்டார், கல்யாணம் ஆகாத அக்கா வரமாட்டார், அந்த 19 வயதுப் பிள்ளையும் வரமாட்டாள். அவர்கள் உடம்பைப் பற்றி அந்த நோட்டுக்குக் கவலை இல்லை. திருநங்கைகளுக்கும் அதில் இடமில்லை. சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்கு அவர்கள் நம் மாவட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், நாமும் வேடிக்கை பார்க்கப் போகிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை அப்படி என்றால் அடித்துத் துரத்துகிறோம். அவர்களையும் ரொம்பக் காலம் வியாதி என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். திருநங்கையும் மணப்பெண்தான், அவர் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் (மதுரைக் கிளை) சொன்னது.

வலிப்பு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1976-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருகிறவர் கல்யாணத்துக்குத் தகுதியில்லை என்று சேர்த்தார்கள். 1999-ல்தான் அதை எடுத்தார்கள். நம் குழுக்களில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். டாக்டரிடம் சொல்லி, மாத்திரையைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்தப் பிள்ளையின் விசயம்

"அதே மாதிரிதான் பொறக்கும்" என்று சொன்னோமே, அதை முதலில் பார்ப்போம். இந்தப் பிள்ளை பிறந்த கதையை அம்மா சொன்னார். ராத்திரி வலி எடுத்து, டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் வழியிலேயே பிரசவம். பிள்ளை ரொம்ப நேரம் அழவில்லை. மூளைக்குக் காற்றுப் போகாமல் வந்த குறை வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றாது. சில குறைகள் பரம்பரையாக வரும், அதுவும் உண்மை. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டினால் அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்று டாக்டர் சொல்வதும் உண்மை. அதைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். அவர்கள் உடம்பை நாம் அறுக்க முடிவு செய்ய முடியாது.

அம்மாவின் பெரிய பயம், எவனாவது கெடுத்துவிடுவான் என்பது. கர்ப்பப்பையை எடுத்தால் கெடுப்பவன் வராமல் இருப்பானா? வருவான். வயிற்றில் வராது, அவ்வளவுதான். வெளியே தெரியாது என்று அவனுக்கு இன்னும் தைரியம் வரும். அந்தப் பிள்ளையால் வாயால் சொல்லவும் முடியாது. இதை நான் சொன்னபோது அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை.

1994-ல் புனேயில், அரசு விடுதியில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் சிலருக்கு, மாதவிலக்கைச் சமாளிக்க முடியவில்லை என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாடு முழுக்கப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. 2009-ல் சண்டிகரில் விடுதியில் இருந்த ஒரு பெண்ணை எவனோ கெடுத்து, அவள் கர்ப்பமானாள். கருவைக் கலைக்கக் கீழே உத்தரவு ஆனது. அவளோ பிள்ளை வேண்டும் என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த யூஜெனிக்ஸ் யோசனையே சமத்துவத்துக்கு விரோதம் என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதினார்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, பிள்ளை பெற முடியாமல் ஆக்கும் எந்த சிகிச்சையையும் அவர்களுடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. அம்மா அப்பா கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. கட்டி, புற்றுநோய், நிற்காத ரத்தப்போக்கு என்று உடம்புக்கே கேடு இருந்து டாக்டர் எடுக்கச் சொல்வது வேறு விசயம்.

சட்டம் சொல்லிவிட்டது, ஆனால் மாதாமாதம் துவைக்கிறது அந்த அம்மாதானே! அதனால் அடுத்த கூட்டத்தில் அதைத்தான் பேசினோம். துணி உறுத்துவதால்தான் பிடுங்குகிறாள் போல, உள்ளாடையோடு சேர்த்துத் தைத்துப் பார்க்கலாம் என்று ஒரு தையல்கார அக்கா சொன்னார். பெற்றோர் கேரளா போகும் மாதங்களில் பக்கத்து வீட்டு உறுப்பினர்கள் இரண்டு பேர் முறை வைத்துப் பார்த்துக்கொள்வதாகத் தீர்மான நோட்டில் எழுதினோம். கள்ளக்குறிச்சி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரில் இப்படி யாராவது இருந்தால் அங்கே போங்கள். யாராவது தொந்தரவு செய்தால் 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

கடன் மனுவை அந்த அம்மா இன்னும் வாபஸ் வாங்கவில்லை. "அவளையும் ஒரு வார்த்தை கேக்கணும்னு சொல்றீங்க. அவகிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல மேடம்" என்றார். எனக்கும் தெரியாது. பொம்மை வைத்து, படம் வரைந்து சொல்லித் தரும் சிறப்பு ஆசிரியர் ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையும் வருகிறாள்.