பொலிகுதிரை கற்றுத்தரும் பாடம்



மாடு வாங்கப் போகும் நம் பெரியவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். பிறகு பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள். பசுவாக இருந்தால் மடியையும் காம்பையும் தொட்டுப் பார்ப்பார்கள். இவையெல்லாம் தாயைப் பற்றிய விசாரணை. அந்தப் பசு ஈனப்போகும் கன்றுக்குத் தகப்பன் எது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. மேய்ச்சலுக்குப் போன இடத்தில் எந்தக் காளையாவது சேர்ந்திருக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

இது சரியா என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம். கன்றின் பரம்பரைக் குணங்களில் பாதி தாய் கொடுத்தது, மறுபாதி தகப்பன் கொடுத்தது. ஆனால் ஒரு பசு தன் வாழ்நாளில் ஆறேழு கன்றுகளை ஈனலாம். ஒரு பொலிகாளையோ ஒரே ஆண்டில் ஐம்பது அறுபது கன்றுகளுக்குத் தகப்பனாகிவிடும். ஆகவே ஒரு பசு மட்டமாக இருந்தால் ஒரு வீட்டுக்கு நஷ்டம். காளை மட்டமாக இருந்தால் அந்த வட்டாரத்துக்கே நஷ்டம்.

இந்த உண்மையை ஏட்டில் எழுதிவைத்துக் கடைப்பிடித்தவர்களில் குதிரை வளர்ப்போர் முன்னணியில் நின்றனர். பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் என்னும் உயர்ந்த சாதிக் குதிரையை நாம் அறிவோம். நம் நாட்டிலும் பினாங்குப் பந்தயக் கழகம் 1864-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. உலகில் இன்றுள்ள தரோபிரெட் குதிரைகள் அனைத்தும், தகப்பன் வழியில் பின்னோக்கிச் சென்றால், மூன்றே மூன்று பொலிகுதிரைகளில் போய் முடிகின்றன. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்பன அவற்றின் பெயர்கள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இவை கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டவை. 1791-ஆம் ஆண்டில் இக்குதிரைகளின் வமிசப் பதிவேடு அங்கே அச்சாயிற்று. எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்பதைக் குடும்பத்துக்குப் பேரேடு எழுதுவதுபோல் எழுதிவைத்தார்கள். பதிவேட்டில் இடம் பெறாத குதிரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தச் சாதியில் சேராது.

நேயர்களே, இத்தகைய பொலிகுதிரையைச் சாதாரண விவசாயி வைத்துக் காப்பாற்ற முடியுமா? முடியாது. தீனிக்கே அவன் நிலம் போதாது. ஆகவே ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இந்தியாவில் அரசாங்கமே பொலிகுதிரைகளை வாங்கி மாவட்டங்களில் நிறுத்திவைத்தது. பஞ்சாபிலும் வட இந்தியாவின் பிற பகுதிகளிலும் தரோபிரெட், அரபு முதலிய பொலிகுதிரைகள் இப்படி நிறுத்தப்பட்டன. அதிகாரிகள் சோதித்துத் தேர்ந்தெடுத்த பெண்குதிரைகளை விவசாயிகள் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கேட்பதற்கு இது பெரிய தருமம் போலத் தோன்றும். ஆனால் அரசாங்கத்தின் தேவை வேறு. குதிரைப்படைக்கும் பீரங்கி இழுப்பதற்கும் அதற்குக் குதிரைகள் வேண்டியிருந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரவழைப்பது செலவு பிடித்த காரியம். உள்ளூரிலேயே குதிரை உற்பத்தியானால் இராணுவத்துக்கு நல்லது என்று எண்ணினார்கள்.

இது எதுவரை போயிற்று என்பதற்கு ஜீலம் கால்வாய்க் குடியேற்றம் நல்ல சான்று. இன்று பாகிஸ்தானில் சர்கோதா நகரம் இருக்கும் பகுதி அது. 1900-களின் தொடக்கத்தில் அங்கே புதிய பாசன நிலம் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு நிபந்தனை உண்டு: நிலம் பெறுபவர் இராணுவம் ஏற்றுக்கொள்ளும் தரத்தில் பெண்குதிரை வளர்த்து, அதை அரசாங்கப் பொலிகுதிரையோடு சேர்த்துக் குட்டி ஈனச் செய்யவேண்டும். நிலம் துண்டுபடக்கூடாது என்பதற்காகத் தகப்பனுக்குப் பின் மூத்த மகனுக்கே உரிமை என்றும் விதி செய்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்துப் பழகிய குடும்பங்களில் இதனால் மனக்கசப்பு உண்டாயிற்று. பாடுபட்டவன் விவசாயி. என்ன பிராணி வளர்ப்பது, எந்தத் தரத்தில் வளர்ப்பது என்று தீர்மானித்தவர் வேறொருவர்.

தமிழ்நாட்டிலும் இதன் சாயல் உண்டு. பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூரில் 1824-ஆம் ஆண்டில், படைக்குதிரைகளுக்காக 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அது கால்நடைப் பண்ணையாக மாறியது. செஞ்சிந்தி, காங்கேயம் முதலிய மாட்டினங்கள் அங்கே பேணப்பட்டன. உழவனுக்கு வேண்டியது பந்தயக் குதிரையா? ஏர் இழுக்கும் எருதும் பால் தரும் பசுவுமல்லவா? பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் காங்கேயம் காளைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் புகழ் பெற்றதும் இந்தத் தேவையை அறிந்துதான். காங்கேயம் மாடு வறட்சியைத் தாங்கும், பாரம் இழுக்கும். பால் மட்டும் குறைவு. பால் வேண்டுமென்று அதை வாங்குவது வாங்குபவர் தவறு, மாட்டின் தவறு அன்று.

ஆகவே முதல் பாடம் இதுதான்: பெரிய பெயருள்ள சாதி என்று மயங்காமல், நம் தேவை என்ன, நம் சீதோஷ்ணம் என்ன என்று பார்க்கவேண்டும். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. குளிர் நாட்டு பிரீசியன் பசு ஏராளமாகப் பால் கறக்கும். ஆனால் நம் வெயிலில் இளைக்கும். உண்ணித் தொல்லையும் அதிகம். வெப்பத்தைத் தாங்கும் சாகிவால் இனத்தோடு அதைக் கலந்து மாப்ரிவால் என்னும் கலப்பினத்தை நம் நாட்டில் உருவாக்கினார்கள். நம் முன்னோர் வழிவழியாக வளர்த்த இந்தியக் கறவை மாடுகளும் இந்த மண்ணுக்குப் பழகியவையே.

இரண்டாவது பாடம்: காளையின் தோற்றத்தைக் கண்டு தீர்மானிக்க முடியாது. காளை பால் கறக்காது. அதன் இரத்தத்தில் பால் வளம் உண்டா என்பதை அதன் தாயின் கறவையும் அதன் பெண்கன்றுகளின் கறவையும்தான் சொல்லும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாம் குலை வெட்டும் தெனேரா மரம், டூராவைத் தாயாகவும் பிசிபெராவைத் தகப்பனாகவும் கொண்டு பிறந்தது. பிசிபெரா மரம் பெரும்பாலும் நல்ல குலை தள்ளாது. அதனால் அதன் பிள்ளை மரங்களில் எண்ணெய் எவ்வளவு என்று அளந்து பார்த்தே அதன் தரத்தை அறிகிறார்கள். ரப்பரிலும் கதை இதுதான். 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்ட காலத்தில் விதைக் கன்றுகள்தாம் நடப்பட்டன. ஒரு மரம் பால் தரும், பக்கத்து மரம் தராது. பிறகு நல்ல மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டினார்கள், கலப்புச் செய்தார்கள். நமக்குப் பழக்கமான ஆர்.ஆர்.ஐ.எம். 600, ஜிர் 1 என்னும் வகைக்கும் பி.பி. 86 என்னும் வகைக்கும் பிறந்த பிள்ளை. மரத்துக்கே தாய் தகப்பன் பெயரை எழுதிவைத்தார்கள். நம் வீட்டுப் பசுவின் கன்றுக்கு எழுதக்கூடாதா?

இனி, நல்ல காளைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இந்நாளில் காளையே வரவேண்டியதில்லை. அதன் விந்து வந்தால் போதும். ரஷ்யாவில் இவானோவ் என்னும் அறிஞர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயற்கைக் கருவூட்டலைப் பெரிய அளவில் செய்து காட்டியது குதிரைகளிடத்தில்தான். இந்தியாவில் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் என்பவர் இம்முறையைச் செய்து காட்டினார். விந்தை உறையவைத்துக் காக்கும் வழி 1949-இல் இங்கிலாந்தில் தெரிந்தது. இன்று அது திரவ நைட்ரஜனில், சைபருக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், பல்லாண்டு கெடாமல் இருக்கிறது. தரோபிரெட் குதிரைக்கு மட்டும் இம்முறை இன்றும் கூடாது. நேரில் சேர்ந்து பிறந்த குட்டியே அதன் பதிவேட்டில் ஏறும்.

அலோர்காஜாவோ, ஜாசினோ, மலாக்கா நகர்ப்புறமோ, நீங்கள் எங்கே மாடு வைத்திருந்தாலும் மாவட்டக் கால்நடை இலாகாவில் இதுபற்றிக் கேளுங்கள். கேட்கும்போது, எந்த இனக் காளை, அதன் தாயின் கறவை எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

தாய்மார்களே, சில செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு வந்த பசு கத்தும், தீனியில் நாட்டம் குறையும், கண்ணாடி போன்ற கோழை ஒழுகும், வேறு மாடு மேலே தாவினால் அசையாமல் நிற்கும். காலையில் இந்த அடையாளம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது நல்லது. சுமார் 21 நாள் கழித்து மறுபடியும் கத்துகிறதா என்று கவனியுங்கள். கத்தினால் சினை பிடிக்கவில்லை. சின்னக் கிடேரிக்குப் பெரிய இனக் காளையின் ஊசி வேண்டாம். கன்று பெரிதாகி ஈனும்போது தாய்க்கே ஆபத்து.

ஊசி இல்லாமல் காளைக்கே விடுபவர்கள், ஒரே காளையை மந்தையில் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கக்கூடாது. அதன் பெண்கன்றுகள் வளர்ந்து பருவத்துக்கு வருமுன் காளையை மாற்றிவிடுங்கள். தகப்பனோடு மகள் சேர்ந்தால் கன்று நோஞ்சானாகலாம், ஊனமும் நேரலாம்.

இன்று சினை பிடிக்கும் கன்று பிறக்க ஒன்பது மாதத்துக்கு மேலாகும். அது வளர்ந்து, தானும் ஒரு கன்று ஈன்று பால் கறக்க மேலும் மூன்று ஆண்டுகளாவது ஆகும். ஏறக்குறைய நான்கு ஆண்டுத் தீனியும் உழைப்பும் ஒருநாள் முடிவில் அடங்கியிருக்கின்றன. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமன்று.

ஆகவே வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பசுவின் பெயர், காளையின் இனம், ஊசி போட்ட தேதி, கன்று ஈன்ற தேதி, தினம் கறந்த பால் ஆகியவற்றை எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள். சீமான்கள் தங்கள் குதிரைக்குச் செய்ததை நாம் நம் பசுவுக்குச் செய்வோம்.