சுழியத்திலிருந்து அளப்போம்

பூக்கடையில் பூச்சரத்தை முழக்கணக்கில் அளந்து தருவர். முழங்கை முதல் நடுவிரல் நுனி வரையுள்ள நீளம் ஒரு முழம். கை நீண்டவர் அளந்தால் சரம் கூடும். கை குட்டையானவர் அளந்தால் குறையும். பூச்சரத்தில் இவ்வேறுபாட்டால் பெரிய இழப்பு ஏதுமில்லை. ஆனால், தொடர்வண்டி ஓடும் தண்டவாளங்களை முழம் போட்டு அமைக்க இயலுமா?

பங்காருபேட்டை ஒரு தொடர்வண்டிச் சந்திப்பு. பெங்களூரையும் சோலையார்பேட்டையையும் இணைக்கும் பாதை இவ்வழியே செல்கிறது. கோலார் தங்கவயலில் உள்ள மாரிகுப்பத்திற்கும் இங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிகிறது. இவை இரண்டும் அகலப்பாதைகள். இவற்றில் இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையேயுள்ள தூரம் 1676 மில்லிமீட்டர். கோலார் நகருக்குச் செல்லும் பாதையோ நெடுங்காலம் குறுகிய பாதையாக இருந்தது. அதன் அகலம் 762 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே, கோலாரிலிருந்து வந்த பெட்டிகள் பங்காருபேட்டையைத் தாண்டி அகலப்பாதையில் செல்ல இயலவில்லை. பயணிகள் இறங்கி வேறு வண்டியில் ஏற வேண்டியிருந்தது. பின்னர் அப்பாதையும் அகலப்பாதையாக மாற்றப்பட்டது.

இவ்வளவுகளை நம் அளவுகோலால் வகுப்பறைத் தரையில் வரைந்து பார்க்கலாம். 10 மில்லிமீட்டர் சேர்ந்தது 1 சென்டிமீட்டர். எனவே, 1676 மில்லிமீட்டர் என்பது 167.6 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் அளவுகோலை ஐந்து முறை வைத்தால் 150 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆறாம் முறை 17 சென்டிமீட்டரும் 6 சிறு கோடுகளும் அளந்தால் அகலப்பாதையின் அகலம் கிடைத்துவிடும். குறுகிய பாதைக்கு இரண்டு முழு அளவுகோலும், 16 சென்டிமீட்டரும், 2 சிறு கோடுகளும் போதும்.

அளக்கும்போது மூன்று செய்திகளை மறவாதீர்கள். முதலாவது, சுழியம் குறிக்கப்பட்ட கோட்டிலிருந்தே அளக்கத் தொடங்குங்கள். அளவுகோலின் விளிம்பிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாவது, அளவைப் படிக்கும்போது கண் அக்கோட்டிற்கு நேர் மேலே இருக்கட்டும். சாய்ந்து பார்த்தால் அடுத்த கோடு போலத் தோன்றும். மூன்றாவது, அளவுகோலை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் முடிந்த இடத்தில் மெல்லிய கோடு இட்டு, அங்கேயே சுழியத்தைப் பொருத்துங்கள்.

சில அளவுகோல்களில் விளிம்புக்கும் சுழியத்திற்கும் இடையே சிறிது இடைவெளி இருக்கும். அது 5 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். விளிம்பிலிருந்து அளப்பவருக்கு ஒவ்வொரு முறையும் 5 மில்லிமீட்டர் பிழை நேரும். ஆறு முறை வைத்தால் பிழை 30 மில்லிமீட்டராக, அதாவது 3 சென்டிமீட்டராக, வளர்ந்துவிடும். 167.6 சென்டிமீட்டர் அகலத்தை அவர் 164.6 என்றே கூறுவார். அவ்வளவை நம்பித் தண்டவாளம் அமைத்தால் வண்டி ஓடுமா? சிறு பிழை ஒவ்வோர் அடியிலும் சேர்ந்து பெரும்பிழையாகிறது.

இச்செயலைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு மட்டுமே செய்யுங்கள். தண்டவாளத்தின் அருகே செல்லாதீர்கள். நீங்கள் அளந்ததை உங்கள் தோழரும் அளக்கட்டும். கைகள் வேறாயினும் இருவர் விடையும் ஒன்றாக இருந்தால், அளந்த முறை சரியே.