வாசனை தெரிகிறதா? கேட்டால் போதாது, சோதிக்க வேண்டும்

பார்க்கின்சன் நோயாளிகள் மருத்துவரிடம் கை நடுங்குவதைச் சொல்வார்கள், நடை தளர்வதைச் சொல்வார்கள். வாசனை தெரியவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. ஆனால் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு மோப்பத்திறன் குறைந்திருக்கிறது. பலருக்கு நடுக்கம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிடுகிறது.

காரணம் என்ன?

பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்களில் திரள்கிறது. மூக்கிலிருந்து வரும் வாசனைச் செய்தியை முதலில் வாங்கும் நுகர்ச்சிக் குமிழில் இந்தத் திரள்கள் தொடக்கத்திலேயே காணப்படுவதாக, ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழுவினர் 2003-இல் விளக்கினர். 

எப்படிச் சோதிக்கிறார்கள்?

மோப்பம் மெல்ல மெல்லக் குறைவதால் நோயாளிக்கே அது தெரிவதில்லை. "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர்கள்கூடச் சோதனையில் தவறுகிறார்கள். 1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி உருவாக்கிய சோதனையில் 40 வாசனைகள் உண்டு. தாளில் உள்ள பட்டையைப் பென்சிலால் சுரண்டி முகர்ந்து, நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். எதுவும் தெரியாவிட்டாலும் ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும். ஜெர்மனியில் உருவான இன்னொரு முறையில், வாசனை ஏற்றிய பேனாக்களை மூக்கருகே நீட்டுவார்கள்.

வாசனைகள் நோயாளிக்குப் பழக்கமானவையாக இருப்பது அவசியம். ரூட் பீரையும் செடார் சீஸையும் அறியாதவர் தவறாகச் சொன்னால் அது நோயின் அடையாளம் ஆகாது. நம் நாட்டில் பழகிய வாசனைகளைக் கொண்ட சோதனைகள் இதற்காகவே தேவைப்படுகின்றன. சளி பிடித்திருக்கும்போது சோதிப்பதும் கூடாது.

முடிவு சொல்வது என்ன?

2015-இல் வெளியான பார்க்கின்சன் நோயறிதல் விதிகளில் மோப்ப இழப்பு ஒரு துணைச் சான்றாக இடம்பெற்றது. பார்க்கின்சன் போலத் தோன்றும் பிஎஸ்பி என்ற நோயில் மோப்பம் பெரும்பாலும் கெடுவதில்லை. இரண்டையும் பிரித்தறிய இது உதவும்.

அதற்காக, வாசனை தெரியாத எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. சைனஸ், மூக்கில் சதை வளர்ச்சி, கொரோனா, தலையில் அடி, முதுமை எனக் காரணங்கள் பல. 80 வயதைக் கடந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குமேல் மோப்பம் வெகுவாகக் குறைந்திருப்பதாக டோட்டியின் ஆய்வு காட்டியது. முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வாசனைக் குறைவோடு மலச்சிக்கல், கனவில் கத்திக் கைகால் உதைப்பது, அசைவுகள் மந்தமாவது ஆகியவையும் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரை அசைவுகளைச் சீராக்கினாலும், இழந்த மோப்பத்தை மீட்பதில்லை. ஆனால் குறை தெரிந்துவிட்டால் ஆபத்தைத் தடுக்கலாம். சமையல் எரிவாயு கசிவை நாம் அறிவது, அதில் கலக்கப்படும் மெர்காப்டனின் நாற்றத்தால்தான். அது எட்டாதவர் இருக்கும் வீட்டில் கசிவு எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள். சிலிண்டர் வால்வை இரவில் மூடுங்கள். மீந்த குழம்பின் கிண்ணத்தில் தேதியை எழுதி ஒட்டுங்கள். சுவை தெரியாமல் உப்பு கூடுகிறதா, சாப்பாடு குறைந்து எடை இறங்குகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, மோப்பத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வலியில்லாத எளிய சோதனை இது. நோயாளி தனியாகச் சமைக்கும் வீடாக இருந்தால், தள்ளிப்போடவே வேண்டாம்.