பேற்றறையில் வரும் நடுக்கம்

வட சென்னையில் ராயபுரம் ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரியை அறியாத குடும்பம் அரிது. 1880-ஆம் வருஷம் தோன்றிய அந்த ஸ்தாபனத்துக்குத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக் கர்ப்பிணிகளும் வருகிறார்கள். நோவு உண்டென்பதை அறிந்தே வருகிறார்கள். ஆனால், குழந்தை பிறந்தவுடன் பற்கள் கிடுகிடுக்கத் தேகம் நடுங்கக்கூடுமென்று அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வார் யார்? “ஐயோ, ஜன்னி கண்டுவிட்டதே!” என்று வீட்டார் பதறுகிறார்கள்.

சகோதரிகளே, இந்நடுக்கம் பலருக்கும் வருவதே. கம்பளி போர்த்தியிருந்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நோவின் நடுவே வாந்தி எடுப்பதும் சாதாரணமே. குழந்தை பால் குடிக்கையில் அடிவயிறு சுருட்டி வலிப்பதோ நன்மைக்கே. அப்போது சுரக்கும் ‘ஆக்ஸிடோஸின்’ என்னும் ரஸம் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்து உதிரப் போக்கைக் குறைக்கிறது. முதற்பேற்றைவிட அடுத்த பேறுகளில் இவ்வலி அதிகம்.

உண்மையான அபாயம் வேறு. 100.4 டிகிரியோ அதற்கு மேலோ ஜுரம், அடங்காத உதிரப் போக்கு, கண் மங்கும் தலைவலி, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கணமும் தாமதியாமல் டாக்டரை அழைக்க வேண்டும்.

வளைகாப்பன்று கர்ப்பிணியின் கையில் வளையல் அடுக்கும்போதே, எது இயற்கை, எது அபாயம் என்பதையும் சொல்லிவையுங்கள். வீண் பயமும் வேண்டாம். வீண் தாமதமும் வேண்டாம். ஒரு தாயை இழப்பது ஒரு வீட்டுக்கு மட்டுமன்று, தேசத்துக்கே நஷ்டமன்றோ?