கறையோடு இடுக்கையும் தின்னும் ஆசிட்

பண்டிகைக்கு முன்னால் குளியலறையைக் கழுவ வேண்டும் என்றால் பல வீடுகளில் முதலில் தேடுவது ஆசிட் பாட்டிலைத்தான். ஊற்றியதும் டைல்ஸ் இடுக்கில் நுரை பொங்குகிறது. கறுத்துக் கிடந்த கோடு சில நிமிடங்களில் வெளுத்துவிடுகிறது. நுரையோடு அழுக்கு கரைந்து போகிறது என்று நம்பி மகிழ்கிறோம். உண்மையில் அழுக்கோடு சேர்ந்து இடுக்கை அடைத்திருக்கும் சிமென்ட்டும் கரைந்து போகிறது. வீட்டு டைல்ஸ் இடுக்கைச் சுத்தம் செய்ய ஆசிட்டை அடியோடு விட்டுவிட வேண்டும். கறை எதனால் வந்தது என்று பார்த்து, அதற்கேற்ற பொருளால் தேய்ப்பதுதான் சரி. இப்படிச் சொல்வதற்கு வேதியியலும் காரணம் காட்டுகிறது, வீட்டுச் செலவும் காரணம் காட்டுகிறது.

சாதாரண டைல்ஸ் வேலையில் இடுக்கை அடைப்பது வெள்ளை சிமென்ட்டாலோ, சிமென்ட் கலந்த ஜாயின்ட் பவுடராலோதான். சிமென்ட் இறுகும்போது அதற்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அதில் ஒரு பகுதி நாளடைவில் கால்சியம் கார்பனேட் ஆகிறது. கடையில் விற்கும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது இந்த இரண்டையும் கால்சியம் குளோரைடாக மாற்றிவிடும். அதுவோ தண்ணீரில் எளிதில் கரைந்து சாக்கடைக்குப் போய்விடும். கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதைத்தான் நுரையாகப் பார்க்கிறோம். பிறகு பளிச்சென்று தெரிவது, மேற்பரப்பு கரைந்ததால் வெளியே வந்த அடிச் சிமென்ட். கழிவறைக் கோப்பைக்கென்று விற்கும் திரவங்கள் பலவற்றிலும் சுமார் 10 சதவீதம் இதே அமிலம் இருக்கிறது. கோப்பையின் பளபளப்பான பீங்கான் பூச்சு அதைத் தாங்கும். பக்கத்துத் தரையின் இடுக்கு தாங்காது.

கரைந்த இடம் சொரசொரப்பாகிறது, நுண்துளைகள் பெருகுகின்றன. சோப்புப் பிசுக்கும் மண்ணும் அதில் முன்னைவிட வேகமாக ஒட்டுகின்றன. மீண்டும் கறுக்கிறது, மீண்டும் ஆசிட் ஊற்றுகிறோம். சில ஆண்டுகளில் இடுக்கு பள்ளமாகி, ஆங்காங்கே பெயர்ந்து, தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் இறங்க வழி கிடைக்கிறது. அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு சரியாக இல்லாத மாடிக் குளியலறை என்றால் கீழ்த்தளத்துக் கூரையில் ஓதம் பூக்கும். அமிலம் விட்டுச்செல்லும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிப்பது விரைவுபடும். அமில ஆவி பட்டே குழாய்களின் குரோம் பூச்சு கறுத்துப்போகும். சில ரூபாய் ஆசிட்டில் முடிந்த வேலை என்று நினைத்தது, கடைசியில் தரையைப் பெயர்த்துப் போடும் செலவில் வந்து நிற்கும்.

ஆசிட் வேண்டாம் என்றால் வேறு எதைக் கொண்டு தேய்ப்பது? கறையைப் பொறுத்தது அது. சமையலறை இடுக்கில் படிவது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு. அமிலத்துக்கு எண்ணெய் அசையாது. சலவை சோடா போன்ற காரத்துக்குத்தான் இளகும். வெந்நீரில் சோடாவைக் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ் கூடாது. அதன் துகள்கள் இடுக்கில் தங்கித் துருக்கறையாகிவிடும். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறும் தன்மையுடையது. வெளிச்சம் பட்டால் அது சிதையும் என்பதால், ஆப்பச் சோடாவை மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்துப் பூசி, ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளிறிவிடும்.

குளியலறையில் கறுப்பாகப் படர்வது பூஞ்சை. இளஞ்சிவப்பாக வழவழக்கும் படலம் பெரும்பாலும் பாக்டீரியா. இவற்றுக்கு ஆக்ஸிஜன் பிளீச் என்னும் சோடியம் பெர்கார்பனேட் தூள் ஏற்றது. தண்ணீரில் கரைந்ததும் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரிகிறது. ஒன்று நிறத்தையும் கிருமியையும் அழிக்க, மற்றது பிசுக்கை இளக்குகிறது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு, அப்போதே இடுக்கில் ஊற்றி, இருபது நிமிடம் கழித்துத் தேய்க்க வேண்டும். கரைசலைப் புட்டியில் மூடி வைக்கக் கூடாது. வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் வரும் செம்பழுப்புத் துருக்கறைக்கு மட்டும் எந்த பிளீச்சும் பயன்படாது. அது ஏற்கெனவே ஆக்ஸிஜன் ஏறிய இரும்பு. எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தின் நீர்த்த கரைசல் அதை மெல்லக் கரைக்கும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் உப்புத் தண்ணீர்தான். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்திய தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. குளிக்கப் பயன்படும் கிணற்று நீர் அதையும் தாண்டுவது உண்டு. அந்த நீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவு காரத்துக்கும் பிளீச்சுக்கும் அசையாது, அமிலம்தானே வேண்டும் என்று கேட்டால், ஆம், அமிலம்தான் வேண்டும். ஆனால் அந்தப் படிவும் கால்சியம் கார்பனேட், இடுக்கிலிருப்பதும் அதே இனம். படிவைக் கரைத்து இடுக்கை விட்டுவிடும் அமிலம் எதுவும் இல்லை. ஆகவே வீரியம் குறைந்த அமிலத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் படவிடுவதே வழி. முதலில் இடுக்கில் நன்றாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் அமிலம் அவ்வளவாக உள்ளே இறங்காது. பிறகு எலுமிச்சை உப்புக் கரைசலைத் துணியில் நனைத்து டைல்ஸின் முகப்பில் மட்டும் ஒற்றி, சில நிமிடங்களில் கழுவி, கடைசியாக சோடா நீரால் ஒருமுறை அலச வேண்டும். மொசைக், மார்பிள் தரையில் இதுவும் ஆகாது.

வினிகரையும் ஆப்பச் சோடாவையும் கலந்தால் எல்லாக் கறையும் போகும் என்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை அடங்கியபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். தனித்தனியே பயன்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, சேர்த்தால் இல்லை. ஏற்கெனவே அரித்துப் பள்ளமான இடுக்கை எதைப் போட்டுத் தேய்த்தாலும் பயனில்லை. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் என்னும் பிசின் கலவையால் இடுக்கை நிரப்புவதே தீர்வு. அதன் விலை அதிகம்தான். ஆனால் அது தண்ணீரையும் கறையையும் உறிஞ்சாது. புது வீடு கட்டுகிறவர்கள் குளியலறைக்கும் சமையல் மேடைக்குமாவது இதைக் கேட்டு வாங்கினால் பின்னால் படும் பாடு குறையும். மற்ற வீடுகளில், குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதிக் கறை வராது. பூஞ்சைக்கும் உப்புப் படிவுக்கும் தேங்கிய ஈரம்தான் ஆதாரம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, ஆசிட் என்றால் ஐந்தே நிமிடம் என்பது கடைசி மறுப்பு. அந்த ஐந்து நிமிடத்தை யார் சுவாசிக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் வேலைக்கு வரும் அக்காதான் கையுறையும் செருப்பும் இல்லாமல், காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் குனிந்து தேய்க்கிறார். முன்பே போட்ட பிளீச்சிங் பவுடரின் மேல் ஆசிட் பட்டால் குளோரின் வாயு வெளிப்படும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு. ஆசிட் வீச்சுக் கொடுமைகளைத் தொடர்ந்து, கடைகளில் அதன் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கட்டுப்பாடு விதித்தது. வாங்குகிறவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதாமல் விற்கக் கூடாது என்றது. சட்டம் இவ்வளவு எச்சரிக்கையோடு பார்க்கும் ஒரு பொருளைத் தரை துடைக்கும் பொருளாக வீட்டில் வைத்திருப்பது முறையல்ல. இடுக்கு பளிச்சென்று இல்லாமல் கொஞ்சம் சாம்பல் நிறமாக இருந்தால் குடும்பத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது. சலவை சோடாவும், ஒரு நைலான் பிரஷும், வேலை செய்கிறவருக்கு ஒரு ஜோடி கையுறையும் வாங்கி வையுங்கள். ஆசிட் பாட்டில் இல்லாமலே வீடு சுத்தமாக இருக்கும்.