திரை சிறியது, வினாத்தாள் பெரியது

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பழைய வினாத்தாள் ஏ4 தாளில் வருகிறது. அகலம் 21 சென்ரிமீற்றர். கடையில் போய்ச் சின்ன டெப் ஒன்று கேட்டால் எடுத்து வைக்கும் 8.7 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 11.3 சென்ரிமீற்றர்தான். பக்கம் முழுவதும் திரைக்குள் அடங்க வேண்டுமானால் எழுத்து ஏறக்குறையப் பாதியாகச் சுருங்க வேண்டும். 12 புள்ளி எழுத்து ஆறரையாகிவிடும்.

தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளைக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. அந்தத் திரையின் குறுக்கே இருப்பவை 800 பிக்சல்கள். முழு ஏ4 பக்கத்தை அவற்றில் நெருக்கினால் ஓர் அங்குலத்துக்கு 100 பிக்சல்கூடத் தேறாது. யாரோ அவசரமாக ஸ்கேன் பண்ணிப் போட்ட தாளாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து போகும். 'க்' எது, 'க' எது என்று ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும். இரசாயனவியல் சமன்பாட்டில் கீழே சிறிதாகப் போடும் இலக்கம் போனால் ஊகிக்கவும் முடியாது.

டெப்பைப் படுக்கையாகத் திருப்பினால் நிலைமை மாறுகிறது. இப்போது அகலம் 19 சென்ரிமீற்றர். எழுத்து அச்சில் உள்ள அளவில் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடும், புள்ளியும் தெளியும். ஆனால் ஒரு நேரத்தில் பக்கத்தில் பாதிக்கும் குறைவாகவே தெரியும். படம் மேலே, கேள்வி கீழே என்றால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதே தாளை போனில் பார்ப்பதோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். ஆறரை அங்குல போனை நிமிர்த்திப் பிடித்தால் ஏ4 பக்கம் மூன்றிலொரு பங்காகச் சுருங்கும். சின்ன டெப்பை வாங்குவதற்கு இருக்கிற மிகப் பெரிய நியாயம் இதுதான். அதன் எல்லையும் இதுதான்.

பல்லேபொல போன்ற ஊரில் இந்தக் கணக்கு வெறும் கணக்கல்ல. மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்று அது. சிங்களம் பேசுவோர் கூடுதலாக வாழும் இடம். தமிழில் உயர்தர டியூஷன் தேடுகிற பிள்ளை மாத்தளைக்கு பஸ் ஏற வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் இன்னும் 26 கிலோமீற்றர் தள்ளிக் கண்டி. பஸ் காசையும் போய்வரும் நேரத்தையும் மிச்சப்படுத்த சூம் வகுப்பு, வட்ஸ்அப்பில் வரும் நோட்ஸ், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் போட்டிருக்கும் பாடநூல் பிடிஎஃப், மூன்று மொழியிலும் இருக்கிற ஈ-தக்சலாவ கற்றல் தளம் என்று எல்லாம் ஒரு திரைக்குள் வந்து குவிகின்றன. பெரும்பாலான வீடுகளில் அந்தத் திரை தாயின் போன். கணினி இருக்கிற வீடு குறைவு: குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டில் மேசைக் கணினியோ மடிக் கணினியோ உள்ள வீடுகள் 22 சதவீதம்.

ஆக, அப்பா அம்மா ஒரு டெப் வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். கடைக்காரர் கேமராவையும் 'ப்ரொசெசரையும்' பற்றிப் பேசுவார். நான் கேட்கச் சொல்வது வேறு: விலையைக் குறைப்பதற்காக இதில் எதை வெட்டியிருக்கிறார்கள்? மலிவான பொருளில் ஏதோ ஒன்று வெட்டுப்பட்டே இருக்கும், அதில் தப்பில்லை. வெட்டியது நமக்குத் தேவையானதா என்பதே கேள்வி.

தவறான இடத்தில் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2011 ஒக்டோபர் 5ஆம் திகதி, அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் டில்லியில் 'ஆகாஷ்' என்ற டெப்பை வெளியிட்டார். உலகத்திலேயே ஆக மலிவான டெப் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. 35 டொலர் என்பது இலக்கு. டேட்டாவின்ட் கம்பனியிடம் அரசு வாங்கிய விலை அதைவிடக் கூட, சுமார் 50 டொலர். ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹேர்ட்ஸ் ப்ரொசெசர், 256 எம்பி ரெம். திரையில் விரலை மெதுவாக வைத்தால் வேலை செய்யாது, அழுத்த வேண்டும். அந்த வகைத் தொடுதிரை அப்போதே பழசாகியிருந்தது. பேட்டரி 2,100 எம்ஏஎச். கரண்ட் நாளில் பாதி நேரம் இல்லாத கிராமத்துக்கென்று செய்த பொருளில் பேட்டரியில் கை வைத்தார்கள். வைஃபை இருந்தது, சிம் இல்லை. அந்த நாளில் எந்தக் கிராமத்து வீட்டில் வைஃபை இருந்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதில் ஓடிய ஆண்ட்ராய்ட் 2.2க்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பெட்டி பெட்டியாகத் தெரியும். இந்திய மாணவருக்காகவே இந்தியாவில் திட்டமிட்ட கருவி அது.

பிறகு நடந்தது எல்லாம் தகராறு. திட்டத்தை நடத்திய ஐஐடி ராஜஸ்தானுக்கும் கம்பனிக்கும் சோதனை நிபந்தனைகளில் மோதல். பொறுப்பு ஐஐடி பம்பாய்க்கு மாறியது. 2012 நவம்பர் 11ஆம் திகதி குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2 எவ்வளவோ மேல்: 1 கிகாஹேர்ட்ஸ், 512 எம்பி ரெம், விரல் பட்டாலே கேட்கும் திரை, ஆண்ட்ராய்ட் 4. ஆனாலும் முதல் டெப் எடுத்த கெட்ட பெயரை அதனால் கழுவ முடியவில்லை. இலங்கையிலும் 2017 வரவு செலவுத் திட்டத்தில் உயர்தர மாணவருக்கு இலவச டெப் என்று அறிவித்தார்கள். பிள்ளைகளின் கைக்கு வருவதற்கு முன்பே அது சர்ச்சையில் சிக்கியது. நல்ல காலம் என்று சொல்லமாட்டேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது அந்த டெப்புகள் இருந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலைப்பாறைக்கு ஏறிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தப் பிள்ளைகளின் கையில் கருவி இருந்தது. இல்லாதிருந்தது கோபுரம்.

இன்றைய சின்ன டெப்பில் வெட்டு எங்கே விழுந்திருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் சாம்சுங் கேலக்ஸி டெப் ஏ9ஐ எடுத்துக்கொள்கிறேன். 2023 ஒக்டோபரில் வந்தது. இதே விலைப் பக்கத்தில் இருக்கிற மற்றக் கம்பனிகளின் டெப்புகளும் பெரிதாக வேறுபடா. எடை 332 கிராம். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்து வாசிக்கலாம். பேட்டரி 5,100 எம்ஏஎச், ஆகாஷினதைப் போல் இரண்டரை மடங்கு. ஹீலியோ ஜி99 என்ற ப்ரொசெசர் படிப்பு வேலைக்குத் தாராளம். இயர்போன் துளை இருக்கிறது. மூன்று பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிற வீட்டில் அதன் அருமை தெரியும். மெமரி கார்ட் போடலாம்.

வெட்டியது முன் கேமராவை. வெறும் 2 மெகாபிக்சல். பின் வந்த ஏ11இல் அதை 5 ஆக்கினார்கள். சூம் வகுப்பில் பிள்ளையின் முகம் மங்கலாகத் தெரிந்தால் ஒரு நஷ்டமும் இல்லை, அந்த வெட்டு நமக்கு இலாபம். பேனா கிடையாது, ரப்பர் முனைப் பேனா வாங்கி அதில் கணக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொப்பியும் பேனையும் போதும்.

உண்மையான இடி நினைவகத்தில். ஆக மலிவான வகையில் ரெம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி. சூமும் பிடிஎஃபும் ஒன்றாகத் திறந்து வகுப்பிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து வகுப்புக்கும் மாறினால், 4 ஜிபி சமாளிக்கும், சில வேளை மூச்சு வாங்கும். அதற்குக் கீழே, 2 ஜிபி, 3 ஜிபி என்று பழைய சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் எடுக்கவே வேண்டாம். 64 ஜிபியில் கணிசமான பகுதியை ஆண்ட்ராய்டே விழுங்கிவிடும். மீதியை வட்ஸ்அப் குழுவில் வந்து விழும் வீடியோக்கள் ஒரு தவணைக்குள் நிரப்பும். மெமரி கார்ட் பிடிஎஃபையும் வீடியோவையும் தாங்கும், பெரும்பாலான செயலிகளைத் தாங்காது.

சிம் விஷயத்தில் என் முடிவு திட்டவட்டமானது. வைஃபை மட்டும் உள்ளது சில ஆயிரம் மலிவு என்பதால் பலர் அதையே எடுக்கிறார்கள். வீட்டில் ரவுட்டர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அம்மாவின் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுக்க வேண்டும். அம்மா வெளியே போனால் வகுப்பும் கூடவே போய்விடும். சிம் போடுகிற வகையை எடுங்கள். மலைக்குப் பின்னால் இருக்கிற வீடு என்றால், வாங்குவதற்கு முன்னம் எந்த நெட்வேர்க் வீட்டுக்குள் பிடிக்கிறது என்று பிள்ளை உட்கார்ந்து படிக்கிற மூலையில் நின்று பாருங்கள், முற்றத்தில் நின்றல்ல.

கரண்ட் பக்கம் டெப்புக்கு மேசைக் கணினி ஈடாகாது. 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடே இருண்டது. மின்சக்தி அமைச்சரே சொன்ன காரணம் அது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைநாட்டில் மண் சரிந்து, கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போயின. அப்படியான நாட்களில் முதலே இறக்கி வைத்த பாடநூலும் வினாத்தாளும்தான் கை கொடுக்கும். டெப்பின் பேட்டரிக்குள் இருப்பது ஏறக்குறைய 20 வாட்-மணி. சாதாரண 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று அதை ஒரு தரம் நிரப்பிவிடும். ஒரு எச்சரிக்கை: பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் கிடக்கிற பழைய 5 வாட் சார்ஜரில் போட்டால் நிரம்ப ஐந்து மணிநேரம் ஆகும், பிறகு டெப்பில் குறை என்று கடைக்கு ஓடுவோம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கும்போது வயரைக் கழற்றிவிட வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விலைக்கு வருவோம். 150 டொலர் பெறுமதியான ஒரு பொருள் 2022 தொடக்கத்தில், டொலர் 200 ரூபாவாக இருந்தபோது, 30,000 ரூபா. அந்த ஆண்டு மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது 54,000. டொலர் 300 என்று வைத்தால் 45,000. 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான வற் வரியையும் சேர்த்தால் 53,000. கடைக்காரரின் இலாபம் இதற்கு மேலே. ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவருக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில், அரைநாள் சம்பளமான 'அரைப்பேர்' விழாமல் 40 நாள் கொழுந்து பறித்தால்தான் அந்த டெப். 'மலிவு' என்று கம்பனி சொல்வது யாருக்கு மலிவு என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எழுதக்கூடாது.

இந்த விலையைத் தாங்க முடியாதவர்களைக் குறிவைத்தே பெயரில்லாத 'கிட்ஸ் டெப்'புகள் வருகின்றன. பெட்டியில் 8 ஜிபி ரெம், 256 ஜிபி சேமிப்பு என்று அச்சடித்திருக்கும், விலையோ பாதி. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாலும் அதே இலக்கம் காட்டும், ஏனென்றால் அந்த இலக்கத்தையும் மாற்றி எழுதிவிடுவார்கள். பெரிய வீடியோக்களைத் தொடர்ந்து ஏற்றிப் பார்த்தால் சாயம் வெளுக்கும். திரை உடைந்தால் மாற்றுத் திரை எங்கும் கிடைக்காது. சிம் போடுகிற எந்த டெப்பையும் காசு கொடுப்பதற்கு முன் ஐஎம்ஈஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அதன் 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதியாத கருவியை மலிவாக வாங்கி, பிறகு நெட்வேர்க் இல்லாமல் வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு என் எண்ணம்: வாசிக்கவும் கேட்கவும் சின்ன டெப் நல்ல பொருள். எழுதவும் செய்யவும் அது ஆகாது. ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை படிக்கிற பிள்ளைக்கு, முக்கியமாக ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மாறி மாறிப் பாவிக்கிற வீட்டுக்கு, 4 ஜிபி ரெம், சிம் வசதியோடு எடுத்தால் நாலு வருடமாவது உழைக்கும். பிள்ளை படித்து முடித்த பிறகு அப்பாவும் அதில் நூலகம் தளத்தின் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளையோ மதுரைத் திட்டத்தின் இலக்கியங்களையோ வாசிக்கலாம். சொல்லப்போனால் இந்தத் திரை அளவு அதற்கென்றே செய்தது மாதிரி.

ஆனால் உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுக்கப் போகிற பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தப் பாடத்தில் பைதன் நிரல் எழுத வேண்டும், தரவுத்தளம் அமைக்க வேண்டும். டெப்பில் அதற்கும் செயலி இருக்கிறதுதான். ஆனால் திரையில் விசைப்பலகை ஏறியதும் பாதி இடம் போய்விடும், எழுதிய நிரலில் சில வரிகளுக்கு மேல் தெரியாது. அதே 50,000 ரூபாவுக்கு மாத்தளையிலோ கண்டியிலோ பாவித்த மடிக் கணினி ஒன்றைத் தேடுங்கள். பேட்டரி செத்திருக்கும், வயரோடுதான் ஓடும். பரவாயில்லை, அதை எடுங்கள்.