ஒரே நினைவகம், இரண்டு படங்கள்: பத்து காவானில் கற்ற கணினிப் பாடம்

பினாங்கு இரண்டாம் பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் இறங்கினால் நம்மை வரவேற்கும் ஊர் பத்து காவான். ஒரு காலத்தில் கரும்பும், பின்னர் செம்பனையுமாக நம் முன்னோர் உழைத்த தோட்ட மண் அது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட பிறகு அங்கே தொழிற்சாலைகள் பெருகின. லாம் ரிசர்ச் 2021ஆம் ஆண்டிலும், போஷ், மைக்ரோன் ஆகியவற்றின் புதிய ஆலைகள் 2023ஆம் ஆண்டிலும் திறப்பு விழாக் கண்டன. 1972ஆம் ஆண்டு இன்டெல் போன்ற நிறுவனங்கள் பாயான் லெப்பாசில் தொடங்கிய மின்னணுத் தொழில், அரை நூற்றாண்டில் கடலைத் தாண்டிக் கரையேறிவிட்டது எனலாம்.

இத்தொழிற்சாலைகளைப் பற்றி நம் வீடுகளில் நிறையவே பேசுகிறோம். சம்பளம், ஷிஃப்ட், ஓவர்டைம், தொழிற்சாலைப் பேருந்து என்று பேச்சு நீளும். ஆனால், உள்ளே இருக்கும் இயந்திரங்கள் தமக்குள் எப்படித் தகவலைப் பகிர்ந்து கொள்கின்றன என்று தமிழில் எழுதப்பட்ட கட்டுரை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதை வேறு மொழிகளில் தொடர்ந்தவன் நான். தொழிற்பயிற்சிக்காகப் பத்து காவானில் சில மாதங்கள் இருந்தபோது கற்ற ஒன்றை இங்கே தமிழில் சொல்ல முயல்கிறேன். கணினித் துறை சாராத நண்பர்களும் தயங்காமல் படிக்கலாம்.

நகல் எடுப்பதா, பகிர்ந்து கொள்வதா?

ஒரு மின்சுற்றுப் பலகையில் ஈயப் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கேமரா உண்டு. கேமரா எடுக்கும் படத்தை மையச் செயலகம் ஆராய வேண்டும். திரை காட்ட வேண்டும். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் தனிச் சில்லு அதைப் பதிவு செய்ய வேண்டும். ஆக, ஒரே படம் பல சாதனங்களுக்குத் தேவைப்படுகிறது.

1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தில் ஒரு புள்ளிக்கு 2 பைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்தின் அளவு 41 இலட்சத்து 47 ஆயிரத்து 200 பைட். விநாடிக்கு 30 படங்கள் என்றால் ஏறக்குறைய 124 மெகாபைட். ஒவ்வொரு சாதனத்திற்கும் தனித்தனியே நகல் எடுத்துக் கொடுத்தால், ஒவ்வொரு நகலுக்கும் ஒரு முறை படித்து ஒரு முறை எழுத வேண்டும். மூன்று நகல்கள் எடுத்தால் விநாடிக்கு 740 மெகாபைட்டுக்கு மேல் வீணாகப் போக்குவரத்து நடக்கும். சிறிய கணினிப் பலகைக்கு இது பெரும் சுமை.

ஆகவேதான், படத்தை நினைவகத்தில் ஒரே இடத்தில் வைத்துவிட்டு எல்லாச் சாதனங்களும் அதையே பயன்படுத்துகின்றன. அந்த இடத்திற்கு இடையகம் என்று பெயர். கேமரா, செயலகத்தின் உதவியின்றித் தானே இடையகத்தில் எழுதும். இதற்கு நேரடி நினைவக அணுகல் என்று பெயர். சுருக்கமாக டிஎம்ஏ என்பார்கள்.

நகல் இல்லாததால் வேலை விரைவாக நடக்கும். ஆனால், பகிர்ந்து கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

கடைக்காரரின் பேரேடும் 555 புத்தகமும்

மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சிறு கடன் புத்தகத்தையே நம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஒரு தோட்டத்து மளிகைக்கடை. கடையின் பின்னறையில் பெரிய பேரேடு இருக்கிறது. முன்பக்கம் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் தம்பி ஒவ்வொரு முறையும் பின்னறைக்கு ஓட முடியாது. எனவே, அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் தன் 555 புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறார். புதிய கணக்கையும் முதலில் அதில்தான் எழுதுகிறார்; நேரம் கிடைக்கும்போது பேரேட்டில் ஏற்றுகிறார். லாரியில் சரக்கு கொண்டு வருபவரோ பின்வாசல் வழியாக வந்து, பேரேட்டை மட்டுமே பார்ப்பார். பேரேட்டில் மட்டுமே எழுதுவார்.

இங்கே பேரேடு நினைவகம். தம்பி மையச் செயலகம். 555 புத்தகம் கேஷ் எனப்படும் பதுக்கு நினைவகம். லாரிக்காரர் கேமரா போன்ற வெளிச் சாதனம். இதில் இரண்டு வகையான குழப்பம் வரலாம்.

முதலாவது, தம்பி புதிய கணக்கை 555இல் எழுதிவிட்டுப் பேரேட்டில் ஏற்றாமல் இருக்கிறார். லாரிக்காரர் பழைய கணக்கைப் பார்த்துவிட்டுப் போகிறார். இதைத் தவிர்க்க, அவர் வருவதற்கு முன்பே 555இல் உள்ளதைப் பேரேட்டில் ஏற்றிவிட வேண்டும். கணினி மொழியில் இது கிளீன் செய்தல்.

இரண்டாவது, லாரிக்காரர் பேரேட்டில் புதிய கணக்கை எழுதிவிட்டுப் போகிறார். தம்பியோ பின்னறைக்குப் போகாமல் தன் 555இல் இருக்கும் பழைய எண்ணையே வாடிக்கையாளரிடம் சொல்கிறார். இதைத் தவிர்க்க, 555இல் உள்ள அந்த வரிகளை அடித்துவிட வேண்டும். இல்லாதபோது அவர் பேரேட்டைத்தான் பார்த்தாக வேண்டும். இது இன்வேலிடேட் செய்தல்.

இந்த இரண்டு வேலைகளும் உரிய நேரத்தில் நடந்து, எல்லாரும் ஒரே கணக்கைப் பார்ப்பதுதான் கேஷ் ஒத்திசைவு.

இன்னொரு நுட்பமும் உண்டு. இன்றைய செயலகங்கள் முன்யோசனை மிக்கவை. யாரும் கேட்பதற்கு முன்பே, தேவைப்படலாம் என்று ஊகித்து நினைவகத்திலிருந்து சில வரிகளைக் கேஷில் எடுத்து வைத்துக்கொள்ளும். கேமரா எழுதிக்கொண்டிருக்கும்போதே பழைய வரி ஒன்று இப்படிக் கேஷுக்குள் வந்துவிடலாம். எனவே, கேமரா தொடங்கும் முன் அடித்தால் மட்டும் போதாது; எழுதி முடித்த பிறகும் அடிக்க வேண்டும்.

இரவு ஷிஃப்டில் எழுந்த சிக்கல்

இனி, நான் நேரில் கண்ட ஒரு நிகழ்வு. தொழிற்சாலையின் பெயர் இங்கே தேவையில்லை.

சோதனை இயந்திரம் ஒவ்வொரு பலகையிலும் பற்றவைப்பு உள்ள சிறு பகுதியைப் பெரிதாக்கித் திரையில் காட்டும். அதைப் பார்த்து ஏற்பதா தள்ளுவதா என்று பொத்தானை அழுத்துவது அங்கே பல ஆண்டுகள் வேலை செய்யும் ஓர் அக்காவின் பணி. ஒரு வாரத்தில், குறையுள்ள சில பலகைகள் அவருடைய இரவு ஷிஃப்டில் தேறிப் போய்விட்டன. பதிவில் இருந்த படங்களை எடுத்துப் பார்த்தால் குறை பளிச்சென்று தெரிந்தது. விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

"ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருந்துச்சி தம்பி. என் கண்ணால பாத்தேன்," என்று அவர் என்னிடம் சொன்னார். தூக்கக் கலக்கம் என்றுதான் பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். பதிவான படம் எதிர்ச்சாட்சியாக நிற்கும்போது ஒரு தொழிலாளியின் சொல் எடுபடுமா?

அந்த இயந்திரத்தின் மென்பொருள் முதலில் மேசைக் கணினிக்காக எழுதப்பட்டு, பிறகு ஆர்ம் வகைச் சில்லு கொண்ட சிறிய பலகைக்கு மாற்றப்பட்டிருந்தது. கேமரா எழுதும் இடையகங்கள் இரண்டு. அவை மாறி மாறிப் பயன்படும். பதிவு செய்யும் சில்லு இடையகத்தை நேரடியாக நினைவகத்திலிருந்து படிக்கும். திரையில் காட்டும் சிறு பகுதியையோ செயலகம் தன் கேஷ் வழியாகப் படிக்கும். அதாவது, சில்லு பேரேட்டைப் பார்த்தது. செயலகம் 555ஐப் பார்த்தது. ஒரே இடையகத்திலிருந்து இரண்டு படங்கள் வந்தன!

32 புள்ளிக் கோடு

எனக்கு வழிகாட்டிய மூத்த பொறியாளர் இதை உறுதிசெய்த முறை மிக எளிமையானது. ஒரு வெள்ளை அட்டையைக் கேமராவுக்குக் கீழே இரண்டு முறையும், பிறகு கறுப்பு அட்டையை இரண்டு முறையும் வைத்துப் படமெடுக்கச் செய்தார். கறுப்பாக மட்டுமே இருக்க வேண்டிய திரையில் ஆங்காங்கே சிறு சிறு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு கோட்டின் நீளமும் 32 புள்ளிகள் அல்லது அதன் மடங்கு.

ஏன் 32? கேஷ் நினைவகம் பைட் பைட்டாக எதையும் வைத்துக்கொள்வதில்லை. வரி வரியாக வைத்துக்கொள்கிறது. அந்தச் சில்லில் ஒரு வரி 64 பைட். ஒரு புள்ளிக்கு 2 பைட் என்பதால் ஒரு வரியில் 32 புள்ளிகள். எனவே, திரையில் தெரிந்த ஒவ்வொரு வெள்ளைக் கோடும் கேஷில் அழியாமல் தங்கிவிட்ட பழைய வரி.

இரவில் மட்டும் ஏன் நடந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. திரையில் காட்டிய பகுதி 256க்கு 256 புள்ளிகள். அதாவது 128 கிலோபைட். இரண்டு இடையகங்களுக்கும் சேர்த்து 256 கிலோபைட். கேஷில் இது தாராளமாக அடங்கும். பகலில் அதே பலகையில் அறிக்கை தயாரிக்கும் வேலைகளும் ஓடியதால் பழைய வரிகள் தாமாகவே வெளியேற்றப்பட்டன. இரவில் வேறு வேலை இல்லை. பழைய வரிகள் சுகமாக உட்கார்ந்திருந்தன. இரண்டு பலகைகளுக்கு முன் வந்த நல்ல பலகையின் துண்டுகள், குறையுள்ள பலகையின் படத்தை மறைத்துவிட்டன. இதே காரணத்தால், பிழையைத் தேடுவதற்காகக் கூடுதல் மென்பொருளை ஓடவிட்டால் பிழை காணாமல் போய்விடும்.

அக்காவுக்குக் கொடுத்த கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அவர் கண்டது உண்மை; பதிவில் இருந்ததும் உண்மை.

லினக்ஸ் வகுத்த ஒழுங்கு

இடையகத்தைப் பகிர்வதற்கு லினக்ஸ் இயங்குதளத்தில் டிஎம்ஏ-பஃப் என்னும் பொது ஏற்பாடு இருக்கிறது. சுமித் செம்வால் என்ற இந்தியப் பொறியாளர் எழுதிய இப்பகுதி, 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பில் இடம்பெற்றது. அதற்கு முன் ஒவ்வொரு சில்லு நிறுவனமும் தனக்கென ஒரு வழியை வைத்திருந்தது. ஒருவரின் கேமராவும் இன்னொருவரின் வரைகலைச் சில்லும் ஒரே இடையகத்தைப் பயன்படுத்துவது பெரும்பாடு.

டிஎம்ஏ-பஃப் முறையில் இடையகத்தை வைத்திருக்கும் சாதனம் ஏற்றுமதியாளர். அதைப் பயன்படுத்த வருவன இறக்குமதியாளர்கள். ஒரு கோப்பைத் திறந்தால் கிடைப்பது போன்ற ஓர் எண்தான் இடையகத்தின் அடையாளம். அந்த எண்ணை ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கொடுத்தால் போதும். படம் இடம் மாறுவதில்லை. கேஷைக் கவனிக்கும் பொறுப்பு ஏற்றுமதியாளருடையது. ஆனால், செயலகம் எப்போது படிக்கப் போகிறது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டுமே! அதற்காக, "இப்போது தொடுகிறேன்", "முடித்துவிட்டேன்" என்று மென்பொருள் அறிவிக்கும் கட்டளை 2016ஆம் ஆண்டு லினக்ஸ் 4.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. நான் கண்ட இயந்திரத்தில் விடுபட்டிருந்தது இந்த அறிவிப்புதான். படிப்பதற்கு முன் ஒன்று, படித்த பின் ஒன்று எனச் சேர்த்ததும் வெள்ளைக் கோடுகள் மறைந்தன.

இங்கே மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் ஓர் இடத்தைச் சுட்ட விரும்புகிறேன். கேமரா எழுதி முடித்துவிட்டதா என்பது ஒரு கேள்வி. எழுதியது செயலகத்தின் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது வேறு கேள்வி. அந்த மென்பொருள் முதல் கேள்வியைச் சரியாகவே கேட்டது. கேமரா முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தது. அதனால்தான் நிரலைப் படித்தவர்கள் எல்லாரும் பிழையில்லை என்று எண்ணினார்கள்.

வன்பொருளே பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளும் வன்பொருளும் உண்டு. நம் மேசைக் கணினிகளில் உள்ள இன்டெல், ஏஎம்டி செயலகங்களில், வெளிச் சாதனம் நினைவகத்தில் எழுதும்போது வன்பொருளே கேஷைச் சரிபார்த்துவிடும். லாரிக்காரர் எழுதும் சத்தம் கேட்டதும் தம்பி தன் 555ஐத் தானே திருத்திக்கொள்வது போல. அதனால்தான் மேசைக் கணினியில் அந்த மென்பொருள் குறையின்றி ஓடியது. பல கேஷ்கள் தமக்குள் ஒத்துப்போவதற்கான மெசி என்னும் புகழ்பெற்ற விதிமுறையை 1984ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பாபமார்கோசும் ஜனக் பட்டேலும் வெளியிட்டார்கள்.

ஆனால், இந்தக் காவலுக்குக் கூடுதல் சுற்றுகளும் மின்சாரமும் தேவை. விலை குறைந்த சிறு சில்லுகள் பலவற்றில் இது கேமரா போன்ற சாதனங்களுக்குக் கிடைப்பதில்லை. சென்னை ஐஐடியின் சக்தி செயலகத்திற்கு அடிப்படையான ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பில், கேஷைத் துடைக்கும் பொதுக் கட்டளைகள் முறைப்படி ஏற்கப்பட்டதே 2021ஆம் ஆண்டில்தான். கேஷே வேண்டாம் என்று அந்த இடையகத்திற்கு மட்டும் அதை நிறுத்திவிடவும் முடியும். அப்போது குழப்பம் தீரும். ஆனால், செயலகம் ஒவ்வொரு முறையும் பின்னறைக்கு நடக்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

ஒரு பிழை மேசைக் கணினியில் தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. பிறர் பொறுப்பில் ஓடிய மென்பொருளை வேறு சில்லுக்கு மாற்றும்போது, அந்தப் பழைய வன்பொருள் நமக்காகச் சத்தமில்லாமல் என்னென்ன செய்து வந்தது என்று பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். இடையகத்தை ஒவ்வொரு கட்டத்திலும் யார் வைத்திருக்கிறார்கள், எப்போது கைமாறுகிறது என்று ஒரு தாளில் வரைந்தாலே பாதிப் பிழைகள் தெரிந்துவிடும்.

இயந்திரம் சொல்வதும் மனிதர் சொல்வதும் முரண்படும்போது நாம் உடனே இயந்திரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பொறியாளராகப் போகும் நம் தோழர்கள் அந்த இடத்தில் சற்று நின்று, இரண்டுமே உண்மையாக இருக்க வழியுண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பத்து காவானின் சோதனை இயந்திரங்களுக்கு முன்னால் அமர்ந்திருப்பவர்களில் நம் அம்மாக்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய சொல்லுக்கு மதிப்புக் கிடைக்க, நம் படிப்பு உதவட்டும்.